பெரிய விமானமா, நல்ல தூக்கமா?

போடிநாயக்கனூரில் விமானம் இறங்காது. விமானம் ஏற வேண்டுமென்றால் மதுரைக்குத்தான் போக வேண்டும். ஆனால், போடிக்கு பைலட் உண்டு! நம்பாவிட்டால் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய் இன்ஜின் பக்கம் எட்டிப் பாருங்கள். 'இன்ஜின் டிரைவர்' என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தோமே, அவருக்கு ரயில்வே எப்போதோ 'லோகோ பைலட்' என்று பெயர் சூட்டிவிட்டது. ஆகாயத்தில் பறப்பவரும் பைலட், தண்டவாளத்தில் ஓடுபவரும் பைலட்.

இரண்டு பேருக்கும் பெயர் மட்டுமா பொது? இன்னொரு முக்கியமான சமாச்சாரமும் பொது. எந்த வண்டியை ஓட்டலாம் என்று தேர்வு செய்யும் வாய்ப்பு வந்தால், இரண்டு பேரும் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். அது வண்டியின் அழகோ, வேகமோ இல்லை. என்ன என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன் போடி மலைச்சரிவில் கொஞ்சம் ஏறி இறங்கிவிட்டு வருவோம்.

ஏலக்காய் மலைக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் ஊர் போடி. மேலே விளைவது கீழே வந்தாக வேண்டும். கீழே இருக்கும் அரிசியும் உப்பும் மேலே போயாக வேண்டும். முதலில் தலைச்சுமை, பொதி மாடு, கழுதை. மூணாறில் வெள்ளைக்காரர்கள் தேயிலை போட்டதும் சரக்கு பெருகியது. 1902-ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளம் போட்டு, அதன்மேல் மாடுகளை வைத்து வண்டி இழுத்தார்கள் (மோனோ ரயில் ஏதோ நேற்று வந்த விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள்!). 1908-ல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலத்தில் குட்டி ரயில் பாதை போட்டு, நீராவி இன்ஜின் விட்டார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் ஆடியபடி கீழே கொட்டகுடிக்கு இறங்கும். அங்கிருந்து மாட்டு வண்டியில் போடி.

1924 பெருவெள்ளம் மூணாறு ரயிலை வாரிக்கொண்டு போனது. நாலு வருடம் கழித்து 1928-ல் மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர் கேஜ் ரயில் வந்தது. அதற்கும் ஆயுசு கெட்டியில்லை. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஐம்பதுகளில் திரும்பப் போட்டார்கள். 2010 டிசம்பர் கடைசியில் அகலப் பாதைக்காக மூடினார்கள். மறுபடி போடிக்கு ரயில் வந்து சேர்ந்தது 2023 ஜூன் 15-ல். பன்னிரண்டரை வருடம்!

மாட்டிலிருந்து இன்ஜினுக்கு மாறியதில் வேகம் கூடியது, சரக்கு கூடியது, லாபம் கூடியது. கவனிக்காமல் விட்ட மாற்றம் ஒன்று உண்டு. மாடு களைத்தால் படுத்துவிடும். அதட்டினாலும் எழுந்திருக்காது. அதனால் ஓட்டுகிறவனும் மரத்தடியில் துண்டை விரித்துப் படுக்கலாம். இன்ஜின் களைக்காது. கரியும் தண்ணீரும் போட்டால் ராத்திரி, பகல் என்று பார்க்காமல் ஓடும். களைப்பது மனிதன் மட்டும்தான்.

வம்பே அங்கேதான் ஆரம்பித்தது.

*

ரயில்வேயில் சரக்கு வண்டிக்கு டைம்டேபிள் கிடையாது. சரக்கு ஏறியதும் புறப்படும், சிக்னல் கிடைக்கும்போது போகும். அதை ஓட்டுபவருக்கும் டைம்டேபிள் கிடையாது. அந்தக் காலத்தில் 'கால் பாய்' என்று ஒருவர் இருப்பார். அகால வேளையில் சைக்கிளில் வந்து டிரைவர் வீட்டுக் கதவைத் தட்டி, நோட்டை நீட்டிக் கையெழுத்து வாங்குவார். 'இத்தனை மணிக்கு வண்டி, வந்து சேர்' என்று அர்த்தம். இப்போது அந்த வேலையை செல்போன் செய்கிறது. தூக்கம் கெடுவது மட்டும் பழையபடிதான்.

பாசஞ்சர் வண்டிக்கு வந்துவிட்டால் நிலைமை வேறு. 'லிங்க்' என்று ஒரு அட்டவணை போட்டிருப்பார்கள். இன்றைக்கு இந்த வண்டி, நாளைக்கு அந்த வண்டி, மறுநாள் ஓய்வு என்று முன்கூட்டியே தெரியும். அதற்கும் மேலே மெயில், எக்ஸ்பிரஸ். ஓர் ஆள் அசிஸ்டென்ட் ஆகச் சேர்ந்து, சரக்கு வண்டி ஓட்டி, பாசஞ்சருக்கு வந்து, மெயிலைத் தொடுவதற்குள் தலை நரைத்துவிடும். பார்ப்பவர்களுக்கு அது வெறும் பதவி உயர்வு. அவர் பெண்டாட்டியைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்: "இப்பத்தான் இவர் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவார்னு எனக்குத் தெரியுது!"

இதற்காக இந்தியாவில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. 1973-ல் ரயில் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். டூட்டியில் ஏறியதிலிருந்து இறங்கும் வரை 10 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்பது முக்கியக் கோரிக்கை. அந்த வருடம் ஆகஸ்டில் அரசாங்கம் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டது முழுசாக நடைமுறைக்கு வராததும் சேர்ந்துதான் 1974 மே மாதம் நாட்டையே உலுக்கிய ரயில்வே வேலைநிறுத்தத்துக்கு வழி வைத்தது. மே 8-லிருந்து 27 வரை இருபது நாள். ஜார்ஜ் பெர்னாண்டஸ் என்ற பெயர் இந்தியா முழுக்கத் தெரிந்தது அப்போதுதான். பல்லாயிரக்கணக்கானவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள்.

ஐம்பது வருடம் கழித்து 2024 ஜூனில், நம் தெற்கு ரயில்வேயின் லோகோ பைலட்கள் மறுபடி போராட்டத்தில் இறங்கினார்கள். என்ன கேட்டார்கள்? வாரத்துக்கு ஒருமுறை சேர்ந்தாற்போல் 46 மணி நேர ஓய்வு. இரண்டு ராத்திரிக்கு மேல் தொடர்ந்து ராத்திரி டூட்டி கூடாது. சம்பளத்தைப் பற்றிய கோரிக்கை இல்லை இது. தூக்கத்தைப் பற்றியது.

சரி, தண்டவாளத்துப் பைலட் கதை புரிந்தது. மேலே பறக்கும் பைலட்?

*

விமானி என்றால் பெரிய விமானத்தைத்தான் விரும்புவார் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சின்ன ஏ.டி.ஆர்-ல் ஆரம்பித்து, ஏர்பஸ் 320-க்கு வந்து, அப்புறம் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போகும் ராட்சஸ விமானத்தில் முடிக்க வேண்டும். இதுதானே முன்னேற்றம்? பாதி சரி. அந்தப் பாதி எப்படி வந்தது என்பது சுவாரஸ்யமான சரித்திரம்.

1919-ல் அமெரிக்கத் தபால் துறைதான் விமானம் ஓட்டிக்கொண்டிருந்தது. கடிதம் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும், மூடுபனி இருந்தால் என்ன, கிளம்பு என்று மேலிடத்து உத்தரவு. அந்த வருடம் ஜூலையில் ஒரு விமானி மூடுபனியில் பறக்க மறுத்தார். வேலை போயிற்று. கூட இருந்த விமானிகள் அத்தனை பேரும் பறக்க மறுத்துவிட்டார்கள். கடைசியில் சமரசம்: விமானி மறுத்தால், மைதான மேனேஜர் முதலில் தானே மேலே போய்ப் பார்க்க வேண்டும். மேனேஜருக்கு விமானம் ஓட்டத் தெரியாவிட்டால், தபால் மூட்டை வைக்கும் இடத்தில் உட்கார்ந்து கூடப் போக வேண்டும்! அதன்பிறகு மேனேஜர்களுக்கு மூடுபனி நன்றாகவே கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்திருக்கும், சந்தேகமில்லை.

பின்னால் தபாலைத் தனியார் கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. விமானிகளுக்கு மைல் கணக்கில் கூலி. 1930-களின் தொடக்கத்தில் ஃபோர்டு டிரைமோட்டார் மணிக்குச் சுமார் 170 கிலோ மீட்டர் போகும். 1933-ல் போயிங் 247 வந்தது. வேகம் சுமார் 300 கிலோ மீட்டர். கம்பெனிகள் கணக்குப் போட்டன. அதே ஒரு மணி நேரத்தில் விமானி இப்போது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு மைல் பறப்பார், இரண்டு மடங்கு கூலி கேட்பார். ஆகவே, இனிமேல் மணிக் கணக்கில்தான் சம்பளம் என்று அறிவித்தன. வேகத்தால் வரும் லாபம் முழுவதும் முதலாளிக்கு!

டேவிட் பென்கே என்ற விமானி 1931-ல் ஆரம்பித்த விமானிகள் சங்கம் இதை எதிர்த்து வேலைநிறுத்தத்துக்குத் தயாரானது. விவகாரம் தேசியத் தொழிலாளர் வாரியத்துக்குப் போனது. 1934 மே மாதம் தீர்ப்பு வந்தது. விமானிகள் உலகில் அதன் நம்பரைச் சொன்னாலே போதும்: 'முடிவு 83'. அடிப்படைச் சம்பளம் கொஞ்சம், மணிக்கணக்கில் கொஞ்சம், மைல் கணக்கில் கொஞ்சம் என்று கலந்து கொடுத்தார்கள். விமானம் எவ்வளவு வேகமோ அவ்வளவு கூடுதல் மணிக்கூலி. பகலைவிட ராத்திரிக்கு அதிகம். எல்லாவற்றையும்விட முக்கியம், மாதத்துக்கு 85 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்ற உச்சவரம்பு. 1938-ல் இது சட்டத்திலும் ஏறிவிட்டது.

நாற்பதுகளின் கடைசியில் வேகத்தோடு எடையும் சம்பளக் கணக்கில் சேர்ந்தது. ஆக, வேகமான, கனமான விமானம் என்றால் அதிகச் சம்பளம். எல்லோரும் பெரிய விமானத்தைப் பார்த்து ஏன் ஓடுகிறார்கள் என்பது புரிகிறதா? மரியாதை அப்புறம். முதலில் கூலிக் கணக்கு.

யார் முதலில் ஏறுவது? அதற்கும் அந்தக் காலத்தில் நியாயம் இல்லை. தலைமை விமானிக்குப் பிடித்தவனுக்கு நல்ல ரூட். மோசமான வானிலையில் போக மாட்டேன் என்று சொன்னவனுக்குக் கெட்ட ரூட். இதை ஒழிக்க விமானிகள் கண்டுபிடித்த மருந்து மிக மிகச் சாதாரணமானது: வேலைக்குச் சேர்ந்த தேதி. முதலில் சேர்ந்தவன் முதலில். அவ்வளவுதான். சீனியாரிட்டி நம்பர்.

*

இந்த நம்பர் எப்படி ஒருவருடைய வாழ்க்கையை ஆட்டி வைக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீங்களே விமானி என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபத்தைந்து வயதில் ஒரு பெரிய அமெரிக்க ஏர்லைனில் சேருகிறீர்கள். உங்கள் நம்பர் 5,000. உங்களுக்கு மேலே 4,999 பேர். நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், சந்திரனில் விமானத்தை இறக்கிக் காட்டினாலும் நம்பர் மாறாது. மேலே இருப்பவர் ரிட்டையர் ஆனால், வேலையை விட்டால், ஒரு படி ஏறும்.

ஒவ்வொரு மாதமும் கம்பெனி அடுத்த மாத அட்டவணைகளை வெளியிடும். முதல் அட்டவணையில் திங்கள் முதல் வியாழன் வரை பகல் டூட்டி, வார இறுதியில் வீடு. இரண்டாவதில் மாதத்துக்கு மூன்றே முறை நீண்ட பயணம், மீதி நாள் ஓய்வு. மூன்றாவதில் தினமும் விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்ப வேண்டும். இப்படி நூற்றுக்கணக்கில். நம்பர் 1 முதலில் எடுப்பார். அப்புறம் நம்பர் 2. கல்யாணப் பந்தியில் கடைசி வரிசையில் உட்கார்ந்தவர் கதை உங்களுக்குத் தெரியும்தானே? வடை தீர்ந்திருக்கும், பாயசம் தண்ணீராக இருக்கும். கடைசி நம்பர்காரருக்குக் கிடைப்பதும் அதுதான். கிறிஸ்துமஸ் ராத்திரி டூட்டி. அதுவும் இல்லாவிட்டால் 'ரிசர்வ்'. வீட்டில் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு போன் எப்போது அடிக்கும் என்று காத்திருக்க வேண்டும். நம்ம 'கால் பாய்' கடல் கடந்து போய்விட்டார், அவ்வளவுதான்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். இந்தப் பந்தி கம்பெனி முழுவதற்கும் ஒன்றல்ல. ஒவ்வொரு விமான ரகத்துக்கும், ஒவ்வொரு ஊருக்கும், கேப்டனுக்கும் துணை விமானிக்கும் தனித்தனிப் பந்தி. காரணம் எளிது. விமானி ஒரு சமயத்தில் பெரும்பாலும் ஒரு ரகத்தைத்தான் ஓட்டுவார். ரகம் மாறினால் வகுப்பு, சிமுலேட்டர், பரீட்சை என்று வாரக்கணக்கில் பயிற்சி. அந்தச் செலவுக்காகவே, மாறியவர் சில காலம் திரும்பி மாறக் கூடாது என்று கம்பெனி பூட்டுப் போட்டு வைப்பதும் உண்டு.

பதினைந்து வருடம் ஓடிவிட்டது. சின்ன விமானத்தின் பந்தியில் நீங்கள் இப்போது முதல் வரிசை. ஞாயிற்றுக்கிழமை லீவு வேண்டுமா? கிடைக்கும். பெண்ணின் பிறந்த நாளா? கிடைக்கும். அந்த நேரத்தில் பெரிய விமானத்துக்கு வாய்ப்பு வருகிறது. சம்பளம் கணிசமாக அதிகம். ஆனால், அந்தப் பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் உங்களைவிட சீனியர்கள். நீங்கள் அங்கே கடைசி இலை. மறுபடி ரிசர்வ், மறுபடி ராத்திரி, மறுபடி பண்டிகை டூட்டி. அட்லாண்டிக்கைத் தாண்டிப் போய் அங்கே பகலில் தூக்கம் வராமல் புரள வேண்டும். வீட்டுக்கு வந்தால் ராத்திரியில் தூக்கம் வராமல் புரள வேண்டும்.

என்ன செய்வீர்கள்?

ஒரே பதில் கிடையாது. கல்யாணமாகாத இளைஞர், பணம் முக்கியம் என்று பெரிய விமானத்துக்குப் போவார். கைக்குழந்தை உள்ளவர், சாயங்காலம் வீடு திரும்பும் குட்டி விமானத்தைக் கட்டிக்கொண்டு இருப்பார். விமான நிலையத்திலிருந்து வெகுதூரத்தில் வீடு கட்டியவர், அடிக்கடி போய் வர முடியாது என்று மாதத்துக்கு மூன்று நீண்ட பயணத்தை எடுப்பார். சிலர் கேப்டன் பதவியையே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மூன்று பட்டையோடு துணை விமானியாகவே இருந்துவிடுவார்கள். கேப்டன் பந்தியில் கடைசி ஆளாக இருப்பதைவிட, துணை விமானிப் பந்தியில் முதல் ஆளாக இருப்பது சுகம் என்ற கணக்கு. ஒருவருக்குப் பெரிய விமானம் என்பதன் அர்த்தம் பணம். இன்னொருவருக்கு அதே விமானம், மகளின் பள்ளி ஆண்டு விழாவுக்குப் போக முடியாத வருடங்கள்.

நம்பரின் கொடுமையும் உண்டு. கம்பெனி மூழ்கினால் நம்பரும் மூழ்கிவிடும். 1991 டிசம்பரில் பான் ஆம் மூடப்பட்டபோது, ஜம்போ ஓட்டிய எத்தனையோ கேப்டன்கள் வேறு கம்பெனியில் புதுப் பையன்களுக்குப் பின்னால் கடைசி நம்பரில் நின்றார்கள். 2007 டிசம்பரில் அமெரிக்கா விமானிகளின் ஓய்வு வயதை 60-லிருந்து 65 ஆக்கியது. மேலே இருந்தவர்களுக்குக் கொண்டாட்டம். கீழே இருந்தவர்களுக்குப் படிக்கட்டு ஐந்து வருடம் அப்படியே உறைந்துபோனது.

*

நம் நாட்டுக்கு வருவோம். 1932 அக்டோபர் 15-ல் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபாலோடு பறந்தார். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாக சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். ஆரம்பத்தில் விமானிகளையும் விமானங்களையும் ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். யார் எதை ஓட்டுவது என்ற சண்டைக்கே இடமில்லை.

1953-ல் விமான சர்வீஸ்களை அரசுடைமை ஆக்கினார்கள். எட்டு உள்நாட்டுக் கம்பெனிகள் சேர்ந்து இந்தியன் ஏர்லைன்ஸ் ஆயிற்று. வெளிநாட்டுக்கு ஏர் இந்தியா இன்டர்நேஷனல். அரை நூற்றாண்டுக்கு மேல் இரண்டும் இரண்டு வீடாக இருந்தன. ஒரு வீட்டில் போயிங் 747-ம் நியூயார்க்கும். மறு வீட்டில் ஏர்பஸ்ஸும் மதுரை, கோவை, திருச்சியும்.

2007-ல் இரண்டு வீட்டையும் ஒன்றாக்கினார்கள். சமையல் ஒன்றான பிறகுதான் சண்டை வந்தது. ஏர் இந்தியாவுக்காக 27 போயிங் 787 'ட்ரீம்லைனர்' விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்தார்கள். அதை ஓட்டப் பயிற்சி யாருக்கு? 'எங்களுக்காக வாங்கியது, எங்களுக்குத்தான்' என்றார்கள் பழைய ஏர் இந்தியா விமானிகள். 'இப்போது ஒரே கம்பெனிதானே, எங்களுக்கும் உண்டு' என்றார்கள் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள். நிர்வாகம் இரண்டு தரப்புக்கும் பயிற்சி என்றது.

2012 மே மாதம் இந்தியன் பைலட்ஸ் கில்ட் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் கூட்டம் கூட்டமாக 'உடம்பு சரியில்லை' என்று லீவு போட்டார்கள். நிர்வாகம் சங்க அங்கீகாரத்தை ரத்து செய்தது, நூறு பேர் வரைக்கும் வேலையைவிட்டு நீக்கியது. 58 நாட்கள்! ஜூலை 3-ம் தேதி டெல்லி உயர் நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது. வேடிக்கை என்னவென்றால், இத்தனை சண்டையும் நடந்தபோது ஒரு ட்ரீம்லைனர்கூட இந்தியாவுக்கு வந்து சேரவில்லை. முதல் விமானம் வந்ததே அந்த செப்டம்பரில்தான்!

'பெரிய சம்பளக்காரர்களின் அகம்பாவம்' என்று அப்போது டீக்கடைகளில் திட்டினார்கள். பாதி நியாயம். ஆனால், பந்திக் கணக்கு தெரிந்த நமக்கு மீதி புரிகிறது. புதிய ரகத்தின் பந்தியில் முன்னால் உட்காருகிறவர், அடுத்த பல வருடங்களுக்கான பகலையும் இரவையும் சேர்த்து வாங்குகிறார்.

இதற்கும் நம் உயிருக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2010 மே 22, விடியற்காலை. துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 158 பேர் இறந்தார்கள். காக்பிட் ஒலிப்பதிவைக் கேட்ட விசாரணைக் குழு, அந்த இரவுப் பயணத்தில் கேப்டன் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தூங்கியிருந்ததைக் கண்டுபிடித்தது. குறட்டைச் சத்தமே பதிவாகியிருந்தது. அயர்ந்த தூக்கத்திலிருந்து எழுந்தவருக்கு மூளை உடனே தெளியாது. இறங்கும் நேரத்துத் தவறான முடிவுக்கு அதுவும் ஒரு காரணம் என்றது அறிக்கை. இறந்தவரைக் குற்றம் சொல்வது சுலபம். ராத்திரி இரண்டரை மணிக்கு நாம் எல்லோரும் என்ன செய்துகொண்டிருப்போம் என்பதையும் யோசிக்க வேண்டும்.

விமானப் போக்குவரத்து இயக்ககம் 2024 ஜனவரியில் புது விதிகளை அறிவித்தது. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனது. 'இரவு' என்றால் பன்னிரண்டிலிருந்து ஆறு வரை. இரவில் ஆறு முறை இறங்கலாம் என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. கம்பெனிகள் முணுமுணுத்தன, தேதி தள்ளிப் போனது, வழக்கு டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. 2025 ஜூலையில் ஒரு பகுதி, நவம்பரில் மீதி என்று அமலுக்கு வந்தது. அப்புறம் நடந்ததை நீங்களே டி.வி-யில் பார்த்திருப்பீர்கள். புது விதிக்கு ஏற்ற அளவு விமானிகளை இண்டிகோ தயார் செய்து வைத்திருக்கவில்லை. டிசம்பர் 5-ம் தேதி மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து. விமான நிலையங்களில் பெட்டி மலைகள். கடைசியில் அந்தக் கம்பெனிக்கு இரவு டூட்டி விதியில் தற்காலிக விலக்கு கொடுத்தார்கள். நமக்கு விமானம் கிடைத்தது. விமானிகளின் தூக்கத்தைக் கொஞ்சம் கடன் வாங்கி!

*

46 மணி நேரம் கேட்ட லோகோ பைலட், 48 மணி நேரம் வாங்கிய விமானி. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு பேரும் கேட்பது பொதி மாட்டுக்குக் கேட்காமலே கிடைத்த சலுகைதான். களைத்தால் படுக்கும் உரிமை. சங்கம் இருந்தது, நம்பர் இருந்தது, கோர்ட் இருந்தது. அதனால் கேட்கவாவது முடிந்தது.

எந்தப் பட்டியலிலும் நம்பர் இல்லாதவர்கள் போடியிலேயே இருக்கிறார்கள். விடியுமுன் எழுந்து, சோறு பொங்கித் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு, பெண்கள் ஜீப்புக்குக் காத்து நிற்பார்கள். மேலே கேரளத்து ஏலத் தோட்டங்களில் காய் பறிக்க, களை எடுக்கப் போகிறவர்கள். போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. ஜீப்பில் எத்தனை பேரை அடைக்கலாம் என்பதற்குச் சட்டம் ஒரு கணக்கு சொல்லும். வளைவில் தொங்கிக்கொண்டு போகும் ஜீப் வேறு கணக்கு சொல்லும். அந்தச் சாலையில் விபத்துகளும் புதிதில்லை.

அவர்களுக்கும் ஒரு தேர்வு உண்டு. எந்த ஜீப்? எந்தத் தோட்டம்? தூரத் தோட்டத்துக்குப் போனால் இன்னும் முன்னால் எழ வேண்டும், இருட்டிய பிறகுதான் வீடு. கிட்டத்துத் தோட்டம் என்றால் பிள்ளை தூங்குவதற்குள் வந்துவிடலாம். பெரிய விமானமா, சின்ன விமானமா என்று பென்சிலால் கணக்குப் போடும் கேப்டனின் கேள்வி அச்சு அசலாக இதுதான். ஆனால், இங்கே எத்தனை வருடம் காய் பறித்தாலும் சீனியாரிட்டி நம்பர் கிடையாது. முப்பது வருடம் போனவரும் நேற்று வந்தவரும் அதே ஜீப்பில், அதே இருட்டில்.

போடியில் ஏலக்காய் ஏலம் இப்போது கம்ப்யூட்டரில் நடக்கிறது. காயின் பருமனைப் பார்த்து, பச்சையைப் பார்த்து, கிலோவுக்கு இத்தனை என்று திரையில் விலை ஓடும். அதைப் பறிப்பதற்காக யாரோ விட்டுக்கொடுத்த விடியற்காலைத் தூக்கத்துக்கு அந்தத் திரையில் ஒரு கட்டம்கூட இல்லை. அடுத்த தடவை பாயசத்தில் ஒரு காயைத் தட்டிப் போடும்போது, அதை நீங்களாவது கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.